ஜன்னலில் தொங்கிய அச்சாரம்

என் வீட்டுக் கூடத்துச் சுவரில் போன மாதம் வரை ஒரு சட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு ரூபாய் நாணயம், அந்தக் காலத்துப் பெரிய நாணயம். அதைச் சுற்றிப் பழுப்பாக, நரம்பு மட்டும் மிஞ்சிய இரண்டு வெற்றிலை. கீழே சிவப்பு எழுத்தில் ‘அச்சாரம். விற்பனைக்கு அல்ல’ என்று ஒரு சீட்டு. பக்கத்து ஆணியில் ஒரு திண்டுக்கல் பூட்டு, சாவி இல்லாமல். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் சட்டத்தைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், அதற்கும் பிறகு பூட்டைப் பார்ப்பார்கள். என்ன ஏது என்று கேட்டால் கதை நீளும் என்று தெரிந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். கேட்டவர்களை நான் லேசில் விட்டதில்லை. அந்த ரூபாயை வாங்கியது என்னுடைய இந்த இரண்டு கைகள்தான். அதனால் கிட்டத்தட்ட ஒரு கட்டடமே பறிபோக இருந்தது. அந்தக் கட்டடத்துக்குச் சொந்தக்காரரான சின்ன பாயைப் பற்றி எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். நான் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தில் டிசைன் எழுதிக்கொண்டிருந்தேன். அதாவது, முந்தானையில் வரவேண்டிய மயிலையும் மாங்காயையும் கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பிக் கொடுக்கும் வேலை. டிராயிங்கில் லோயர், ஹையர் இரண்டு பரீட்சையும் தேறியவள், எங்கள் தெருவிலேயே கட்டத்தை விரல் வைக்காமல் எண்ணுகிறவள் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அப்பா தறிக்காரர். வீட்டில் எந்த நேரமும் தறிச் சத்தம். ஆனால் மனசுக்குள் ஒரு அரிப்பு இருந்துகொண்டே இருந்தது. மயிலும் மாங்காயும் தவிர வேறு ஏதாவது வரைய வேண்டும், அதை யாராவது பார்க்க வேண்டும். ‘இது எத்தனை புடவைக்கு ஆகும்’ என்று கேட்காமல் பார்க்க வேண்டும். இதை யாரிடம் சொல்வது? சங்கத்தில் சொன்னால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்.

ஒரு நாள் சரிகை நிறம் பார்க்க சின்ன பாய் கடைக்குப் போனேன். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சூரத்திலிருந்து சரிகை வரவழைத்து விற்கும் குடும்பம், பல தலைமுறையாக இதே ஊர். ஒல்லியான மனிதர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பேசும்போது விரல்கள் எதையாவது முறுக்கிக்கொண்டே இருக்கும். அவர் உள்ளே பெட்டி எடுக்கப் போனபோது, கல்லாவுக்குப் பின்னால் ஒரு நீலத் தாளைப் பார்த்தேன். சரிகை நூல்கண்டைச் சுற்றி வரும் நீலத் தாள்தான். அதன்மேல் அறுந்த சரிகைத் துணுக்குகளைக் குறுக்காக, ஒன்றின்கீழ் ஒன்றாக, ஒட்டியிருந்தது. பூ இல்லை, யானை இல்லை, வெறும் கோடுகள். ஆனால் உச்சி வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் தண்ணீர் என்று பார்த்த நொடியே தெரிந்தது. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. “இது இன்னா பாய்?” என்றேன். திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி தாளைத் திருப்பிப் போட்டார். “ஒண்ணும் இல்லம்மா. தென்னேரி போயிருந்தேன், ஏரி அப்பிடி மின்னிக்கினு இருந்துச்சு. கை சும்மா இருக்க மாட்டேங்குது” என்றார். இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்தார். அதற்குள் நூற்றுக்கும் மேலே இருந்தன. மனைவிக்குக்கூடக் காட்டியதில்லையாம்.

அங்கே மூன்றாவது ஆள் ஒருவர் வந்து சேர்ந்தார். கடைப் பலகையும் பஸ் பலகையும் எழுதும் போர்டு அண்ணன். எழுத்துக்கு ஊரிலேயே அவரை அடிக்க ஆள் கிடையாது, வாய்க்கும்தான். பாயின் டிரங்குப் பெட்டியைப் பார்த்துவிட்டு, “இத்தயெல்லாம் பொட்டியில போட்டு பூட்டி வெச்சா கரப்பாம்பூச்சிதான் பாக்கும். சுவர் வேணும் பாய், சுவர்!” என்று கத்தினார். அவருக்கும் ஒரு ஆசை இருந்தது. வாழ்நாளில் ஒரு தடவையாவது எதையும் விற்காத ஓர் எழுத்தை, ஆளுயரத்துக்கு எழுத வேண்டும். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்போதுதான் சின்ன பாய் மெதுவாகச் சொன்னார், சுவர் இருக்குது என்று.

அந்தச் சுவரின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சின்ன பாயின் தகப்பனாருக்கு ஒரு பழைய சரிகைக் கிடங்கு இருந்தது. குடும்பம் செழித்தது அந்தக் கட்டடத்தில்தான். அவர் மறைந்தபின் சின்ன பாய்க்கும் அவருடைய அண்ணன் பெரிய பாய்க்கும் பாகம் பிரிந்தது. எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டவர்கள், கிடங்கில் வந்து முட்டிக்கொண்டார்கள். ராசியான இடம், எனக்குத்தான் வேண்டும் என்று இருவரும். கடைசியில் பெரியவர்கள் உட்கார்ந்து ஒரு முடிவு எழுதினார்கள். கிடங்கு சின்னவர் பேரில் இருக்கும், ஆனால் அதற்குள் வியாபாரம் என்று ஒன்று நடக்கக் கூடாது. நடந்தால், அன்றைக்கே கட்டடம் பெரியவருக்கு. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அதோடு பேச்சும் நின்றது. ஒன்பது வருஷம். பெரிய பாயின் கடை அந்தக் கிடங்குக்கு நேர் எதிரில் இருந்தது. பூட்டிய கதவைப் பார்த்தபடி அவர் தினமும் தன் கடையில் உட்கார்ந்திருப்பார். “வியாபாரந்தானே பண்ணக் கூடாது? படம் மாட்டக் கூடாதுன்னு எழுதலயே!” என்று சின்ன பாய் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பள்ளிக்கூடம் மட்டம் போட்ட பையனின் முகம்.

கிடங்கைத் திறந்து கழுவிய நாள் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தோம். தரைக் கல்லின் இடுக்குகளில் பல வருஷத்துச் சரிகைத் தூள் அடைந்திருந்தது. தண்ணீர் வடிந்து, காலை வெயில் ஜன்னல் வழியே விழுந்ததும், தரை முழுக்கக் கோடு கோடாக மினுங்கியது. போர்டு அண்ணன் துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி, “பாய், நாம ஒண்ணும் மாட்ட வேணாம், கதவத் தொறந்து வெச்சா போதும்” என்றார். மூன்று பேரும் ஈரத் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். இடத்துக்குப் பேர் வைக்க இரண்டு நாள் சண்டை போட்டோம். தெருக்காரர்கள் அதற்குள் ‘படக் கிடங்கு’ என்று வைத்துவிட்டார்கள். அதுவே நின்றுவிட்டது.

கிடங்குக்கு விதி ஒன்றே ஒன்று. சின்ன பாய் எங்களை நிற்கவைத்துச் சொன்னார். “தங்கச்சி, இங்க எத்த வேணா மாட்டு, எத்த வேணா கிறுக்கு. வெல மட்டும் சொல்லாத. வெலன்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா எங்க அண்ணன் வந்து குந்திக்குவாரு.” இதை நாங்கள் காப்பாற்றிய அழகு இருக்கிறதே! போர்டு அண்ணனைத் தேடி யாராவது பலகை எழுத வந்தால், அவர்களைக் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துப் போய்த்தான் பேசுவார். வேர்க்கடலைக்காரர் கூடையோடு உள்ளே வந்துவிட்ட அன்று ஒரே ரகளை. அவரை வெளியே அனுப்பிவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வாங்கினோம். கை வெளியே இருந்தால் வியாபாரம் வெளியே என்பது போர்டு அண்ணனின் வாதம். அப்படியென்றால் ஜன்னல் விளிம்பு உள்ளேயா வெளியேயா என்று நான் கேட்டேன். கடலை தீரும்வரை அதைப் பற்றி வாதம் செய்தோம். முடிவு கிடைக்கவில்லை.

முதல் கண்காட்சிக்கு நான் எட்டு கிராப் தாள்களை ஒட்டி ஒரே முந்தானை வரைந்தேன். தறியில் ஏற்றுகிற எந்த டிசைனும் ஒரு அளவுக்குமேல் திரும்ப வரவேண்டும். அதுதான் வழக்கம், அதுதான் சிக்கனம். நான் வரைந்ததில் ஒரு கட்டம்கூடத் திரும்ப வராது. அரக்கு நிறத்தில் தொடங்கி, படிப்படியாகக் குலைந்து, சிதறி, மறு கோடியில் வெறும் எலுமிச்சை மஞ்சளாக முடியும். மூன்று மாதம் அதோடு மல்லாடினேன். எவராலும் நெய்ய முடியாது என்பதுதான் எனக்கு அதில் பெருமை. போர்டு அண்ணன் ‘ழ’ என்ற ஒரே எழுத்தை ஆளுயரத்துக்கு எழுதி, ஏழு நிறத்தில் நிறுத்தினார். சின்ன பாயின் நீலத் தாள்கள் ஒரு சுவர் முழுக்க. தன் பேரைப் போட வேண்டாம் என்று அவர் கெஞ்சினார். போடவில்லை.

காலையில் கதவைத் திறந்தோம். யார் வரப் போகிறார்கள் என்று பயந்துகொண்டிருந்த எங்களுக்கு மூச்சு முட்டிவிட்டது, அத்தனை கூட்டம். தறியை நிறுத்திவிட்டு ஆட்கள் வந்தார்கள். கோயிலுக்கு வந்தவர்கள் அர்ச்சனைத் தட்டோடு வந்தார்கள். நெசவாளிகள் தள்ளி நின்று பார்க்கவே இல்லை, மூக்கு உரசும் தூரத்தில் நின்று கட்டத்தை எண்ணினார்கள். “இது பொடவ ஒடம்புக்கா முந்திக்கா?” என்று போர்டு அண்ணனின் எழுத்தைக் காட்டி ஒருவர் கேட்டார். ஏனாத்தூரிலிருந்து வந்த ஒரு விவசாயி சின்ன பாயின் நீலத் தாள் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, “மழை வரப்போவுது இதுல” என்றார். மூலையில் யாரோ மாதிரி நின்றிருந்த சின்ன பாய் அதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். கண் நிறைந்திருந்தது. “தங்கச்சி, அவரு சொன்னத கேட்டியா? சரிகைன்னு சொல்லல. மழைன்னாரு” என்றார். அந்த ஒரு நாளுக்காக எதையும் கொடுத்திருப்பேன் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

மத்தியானத்துக்கு மேல் பட்டுக்கடை முதலாளி ஒருவர் வந்தார். ஊரில் பேர் போன கடை. சரிகை வேட்டி, நெற்றியில் சந்தனம், கூட ஒரு கணக்கப்பிள்ளை. என் முந்தானை முன்னால் நின்றார். எட்டுத் தாளையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தார், திரும்பி நடந்தார். “யாரும்மா எழுதினது?” நான்தான் என்றேன். “இத்த நெய்ய முடியாதுன்னு சொல்லிக்கினு திரியறியாமே. நான் நெய்து காட்டறேன். தறிக்கு டிசைன் குத்தற அட்டை எத்தினி ஆனாலும் சரி” என்றார். எனக்குக் காதில் ரத்தம் பாய்கிற சத்தம் கேட்டது. என் முந்தானை, பட்டில்! அவர் கணக்கப்பிள்ளையைப் பார்த்துக் கையை நீட்டினார். இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு, மேலே ஒரு ரூபாய் நாணயம். “இந்தாம்மா” என்று என் முன்னால் நீட்டினார்.

நான் தறிக்காரர் மகள். வெற்றிலையில் வைத்து நாணயம் நீட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை, பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வரும் அச்சாரத்தை மறுக்கக் கூடாது, ஒரு கையால் வாங்கக் கூடாது. இரண்டு கையையும் ஏந்தி வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒற்றிக்கொண்ட கைகளைக் கீழே இறக்கியபோதுதான் எதிரே போர்டு அண்ணனின் முகம் தெரிந்தது. வாய் பிளந்து நின்றிருந்தார். அச்சாரம் வாங்கிக் கண்ணில் ஒற்றினால் எங்கள் ஊரில் வியாபாரம் முடிந்ததாக அர்த்தம். எழுத்தும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். நெருப்பைத் தொட்டவள் மாதிரி வெற்றிலையையும் நாணயத்தையும் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு விலகினேன். வைத்ததுதான் மிச்சம். ஜன்னலுக்கு வெளியே, எதிர்க் கடையில், பெரிய பாய் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

அரை மணி நேரத்தில் அவர் கடை ஆள் வந்துவிட்டார். ஒப்பந்தம் முறிந்தது, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பெரியவர் பூட்டோடு வருகிறார், அதற்குள் சாமான்களை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று புதன்கிழமை. நான் அழவில்லை. எனக்கு என்மேல் வந்த கோபத்தில் அழுகைக்கு இடம் இல்லை. நேரே பட்டுக்கடைக்கு ஓடினேன். அச்சாரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், வேறு டிசைன் எத்தனை வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன் என்று கெஞ்சினேன். முதலாளி நல்லவர்தான், நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். ஆனால் தலையை ஆட்டிவிட்டார். “குடுத்த அச்சாரத்த திருப்பி வாங்கற வழக்கம் எங்க கடையில தாத்தா காலத்துலேருந்து கெடையாதும்மா. அது நம்ம வாயில நாமளே மண்ணு போட்டுக்கற மாதிரி” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. வாங்கிய என் கை எந்தப் பள்ளியில் படித்ததோ, அதே பள்ளியில்தான் அவர் கையும் படித்திருந்தது.

மறுநாள் காலையில் கிடங்குக்குப் போகும்போது சின்ன பாய் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நிம்மதியாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் ஜன்னல் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நாணயத்தை ஒருவரும் தொடவில்லை. வைத்த இடத்திலேயே இருந்தது. வெற்றிலை வாடிச் சுருண்டு நாணயத்தைப் பாதி மூடியிருந்தது. காலை வெயில் அதன்மேல் விழுந்து, அடியில் பச்சையாக ஒரு நிழல். நான் பக்கத்தில் போய், “பாய், நான் பண்ணதுக்கு மன்னிப்பே கெடையாது” என்றேன். அவர் நிமிரவில்லை. “தங்கச்சி, கொஞ்சம் தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்கற” என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். “இது நல்லா இருக்குதுல்ல?”

முதலில் எனக்குப் புரியவில்லை. கட்டடம் போகப் போகிறது, இந்த மனிதர் வெற்றிலையைப் பார்த்து ரசிக்கிறாரே என்று எரிச்சலாகக்கூட வந்தது. “யோசிச்சு பாரு. ரூவா அவரு கைய விட்டு வந்துருச்சு, உன் கையிலயும் தங்கல. உள்ள இல்ல, வெளிய இல்ல. இந்த விளிம்புல அப்பிடியே நின்னுக்கினு கீது. நின்னதுக்கு பேரு இன்னா? படம். நாம மாட்டி வெச்சுக்கற எல்லாமே அப்பிடி நின்னதுதானே” என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. “இங்க மாட்டினது எதையும் விக்கக் கூடாது பாய்!” என்று கத்தினேன். “அப்ப இந்த அச்சாரத்தையும் யாரும் விக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது! வியாபாரம் பாதியிலயே நிக்கும்!” போர்டு அண்ணன் ஏற்கெனவே தூரிகையைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு நாள் நாங்கள் வேலை செய்த வேகம்! படச் சட்டம் போடுகிறவரிடமிருந்து இரண்டு கண்ணாடித் தகடு வாங்கி வந்தோம். போர்டு அண்ணன் அதைத் தலைமேல் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார். பாக்கு தகடுக்குள் அடங்காது என்று விட்டுவிட்டு, மூச்சு விடாமல் வெற்றிலையையும் நாணயத்தையும் இடுக்கியால் எடுத்துத் தகடுகளுக்கு நடுவே வைத்தோம். எங்கே மாட்டுவது என்று சண்டை வந்தது. சுவரில் என்றேன் நான். சின்ன பாய் கேட்கவில்லை. எங்கே இருந்ததோ அங்கேயே, ஜன்னலில், இரண்டு பக்கமும் தெரியும்படி தொங்க வேண்டும் என்றார். அறைக்குள் இருப்பவர்களுக்குத் தலைப் பக்கம், தெருவுக்குப் பூப் பக்கம். எதிர்க் கடையிலிருந்து பார்த்தால் வெயிலில் அது மட்டும் பளிச் பளிச்சென்று தெரியும். “எங்க அண்ணனுக்கும் ஒரு பக்கம் வேணும்ல” என்றார். போர்டு அண்ணன் சீட்டு எழுதினார். பெரிய பாய் அன்று முழுக்க எதிரில் உட்கார்ந்து நாங்கள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. தெரு முழுக்க விஷயம் பரவிவிட்டதால் தொழுகை முடிவதற்குள்ளேயே கிடங்கில் நிற்க இடம் இல்லை. நாங்கள் சொல்லி அனுப்பியதால் பட்டுக்கடை முதலாளியும் வந்திருந்தார். பெரிய பாய் வந்தார். தம்பியைவிட இரண்டு பங்கு பருமன், வெள்ளைத் தாடி, கையில் கனமான திண்டுக்கல் பூட்டு. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலைத் தாண்டினார். தம்பியைப் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்தார். “அச்சாரம் வாங்கினியா?” “வாங்கினேன் பாய்.” “கண்ல ஒத்திக்கினியா?” “ஒத்திக்கினேன். தப்பு என்னோடது, அவரோடது இல்ல.” “அப்ப வியாபாரம் முடிஞ்சிது. ஊரு வழக்கம்” என்றார். நான் ஜன்னலைக் காட்டக் கையைத் தூக்கினேன். அதற்குள் அவர் முதலாளி பக்கம் திரும்பினார். “சரக்கு உன் கைக்கு வந்துச்சா?” முதலாளி என் முந்தானையைக் காட்டினார். “எங்க வந்துச்சு? அதோ கீது சுவத்துல. எறக்க மாட்டேங்கறாங்க.” “ரூவா?” “அது ஜன்னல்ல தொங்குது. என் ரூவாவ நானே வந்து வேடிக்க பாத்துக்கினு நிக்கறேன் பாய், பாருங்க இந்தக் கூத்த!” கூட்டம் குபீரென்று சிரித்தது. பெரிய பாய் சிரிக்கவில்லை. ஆனால் தாடி லேசாக அசைந்ததை நான் பார்த்தேன்.

அவர் ஜன்னலருகே போனார். கண்ணாடிக்குள் பார்த்தார். எதிரே தன் கடை தெரிந்திருக்கும். “பேச்சு சாமர்த்தியம்” என்று முனகிவிட்டுத் திரும்பியவர், அப்படியே நின்றுவிட்டார். அந்தச் சுவர் முழுக்க நீலத் தாள்கள். பூட்டைக் கையில் பிடித்தபடியே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். ஏழாவதோ எட்டாவதோ தாளின் ஓரத்தில் பழைய முத்திரை ஒன்று மங்கலாக இருந்தது. அதைக் கட்டை விரலால் தடவினார். அவர்கள் தகப்பனாரைப் ‘பாவா’ என்பார்கள். “இது பாவா கடைக் காயிதம்” என்றார், யாரிடமும் இல்லாமல். மூலையிலிருந்து பதில் வந்தது. “ஆமா பாய்ஜான். பாவா இருந்தப்போ பெருக்கித் தள்ளினத பொறுக்கி வெச்சேன்.” ஒன்பது வருஷத்தில் அண்ணனிடம் தம்பி பேசிய முதல் வார்த்தை. பெரிய பாய் அடுத்த தாளைத் தொட்டார். “இத்தையெல்லாம் நீயா பண்ண?” “ஆமா.” “எங்கிட்ட காட்டவே இல்லயே” என்றார் பெரியவர். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த ஒரு வார்த்தையில் காணாமல் போய்விட்டது.

பிறகு அவர் கையிலிருந்த பூட்டைப் பார்த்தார். எடுத்து வந்ததை என்ன செய்வதென்று தெரியாதவர் மாதிரி கொஞ்சம் தடுமாறினார். என்னிடம் நீட்டினார். “இத்தையும் மாட்டு. வெல போடாத.” நான் இரண்டு கையையும் நீட்டப் போனேன். போர்டு அண்ணன் பாய்ந்து வந்து என் கையைத் தட்டிவிட்டு, தானே ஒரு ஆணியை அடித்து அதில் பூட்டை மாட்டினார். “இவ கையில எதையும் குடுக்காதீங்க பாய்!” என்றார். அப்போது பெரிய பாய் சிரித்தார். அவர் சிரித்ததும் சின்ன பாயும் சிரித்தார், இருவருடைய சிரிப்பும் ஒரே மாதிரி இருந்தது. சாவியை மட்டும் பெரியவர் தரவில்லை, ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருவார். பூட்டு இருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்பார். புதிதாக மாட்டியிருப்பதை ஒன்று விடாமல் பார்த்துவிட்டுத்தான் போவார்.

கண்காட்சி முடிந்த அன்று நான் எட்டுத் தாளையும் சுருட்டிக்கொண்டு கிடங்கைவிட்டு இறங்கி, நடுத்தெருவில் நின்று முதலாளியிடம் கொடுத்தேன். பெரிய பாய் தன் கடையிலிருந்தே சாட்சியாகத் தலையசைத்தார். அந்தப் புடவை ஒன்றே ஒன்று நெய்யப்பட்டது. பங்குனி உத்திரத்தன்று ஏகாம்பரநாதர் கோயில் கூட்டத்தில் முதலாளியின் மகள் அதைக் கட்டிக்கொண்டு வந்தாள். அரக்கிலிருந்து சிதறிச் சிதறி மஞ்சளாகும் என் முந்தானை அவள் தோளில் அசைந்துகொண்டு போயிற்று. நான் சாமியைப் பார்க்கவில்லை. பைத்தியம் மாதிரி அவள் பின்னாலேயே இரண்டு பிராகாரம் சுற்றினேன்.

ஆறேழு வருஷம் படக் கிடங்கு நடந்தது. சாயக்காரர்கள் கொப்பரையில் பட்டைப் புரட்டுகிற கம்புகளை வரிசையாகத் தொங்கவிட்டு ஒரு கண்காட்சி வைத்தோம், பல வருஷத்து நிறம் அடுக்கடுக்காக ஏறிய கம்புகள். போர்டு அண்ணன் ஓய்வு பெற்ற பஸ் பலகைகளைச் சேர்த்து ஒரு அறையையே நிரப்பினார். யாரும் எதையும் விற்கவில்லை. சின்ன பாய் தன் பேரைப் போட ஒப்புக்கொண்டது ஐந்தாவது கண்காட்சியில்தான், அதுவும் ஓரமாக, சின்ன எழுத்தில். எழுபதுகள் முடிவதற்குள் அவர் போய்விட்டார். நெஞ்சு வலி, ஒரே நாளில். எனக்கு அவர் அண்ணன் இல்லை, குரு இல்லை. ஆனால் இன்னொருவருக்குக் காட்டியே ஆகவேண்டும் என்ற அதே அரிப்பு இருந்த ஒரு மனிதர். அவர் போனபின் கிடங்கைத் திறக்க எங்களுக்கு மனம் வரவில்லை. பெரிய பாய் சட்டத்தையும் பூட்டையும் என் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். வேறு ஒரு பூட்டைப் போட்டுக் கிடங்கை மூடினார். போர்டு அண்ணன் சில வருஷம் கழித்துத் திருப்பத்தூர் பக்கம் போனார். அவரும் இப்போது இல்லை.

போன மாதம் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பழைய சாவி. பெரிய பாயின் பேத்தியாம், டிசைன் படித்தவளாம். “தாதா ஜிப்பாவுல இருந்துச்சு ஆன்ட்டி. இதோட பூட்டு உங்க வீட்ல இருக்குதுன்னு சொல்லிக்கினே இருப்பாரு” என்றாள். கிடங்கைத் திறந்து, நண்பர்களோடு சேர்ந்து கண்காட்சி நடத்தப் போகிறார்களாம். விற்பனை கிடையாது, அந்த விதி அப்படியேதானாம். நான் சட்டத்தையும் பூட்டையும் கழற்றிக் கொடுத்தேன். சாவியைப் போட்டுத் திருப்பினாள். பூட்டு ஒரே திருப்பில் திறந்துகொண்டது.

திறப்பு நாளில் என்னைத்தான் முதலில் உள்ளே விட்டார்கள். தரையைக் கழுவியிருந்தார்கள். இடுக்குகளில் இன்னும் மினுங்கியது. ஜன்னலில் அச்சாரம் தொங்கியது. சுவரில் சின்ன பாயின் நீலத் தாள்கள், இந்த முறை பேர் பெரிய எழுத்தில். என்னென்னவோ வயர்களும் விளக்குகளும் வைத்து அந்தப் பிள்ளைகள் செய்திருந்ததில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் நெஞ்சு அன்றைக்கு மாதிரியே படபடத்தது. வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பேத்தி ஒரு தாம்பாளத்தோடு வந்து, “மரியாதைக்கு ஆன்ட்டி” என்று எதையோ எடுத்து நீட்டினாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். யாரோ கைதட்டினார்கள், யாரோ சிரித்தார்கள். குனிந்து பார்த்தேன். இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு, மேலே பளபளவென்று ஒரு ரூபாய். ஐம்பது வருஷமாகியும் இந்தக் கைகளுக்குப் புத்தி வரவில்லை.

வெற்றிலையையும் ரூபாயையும் ஜன்னல் விளிம்பில் பத்திரமாக வைத்தேன். வைத்துவிட்டு அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்து, இன்னும் இரண்டு கண்ணாடித் தகடு கிடைக்குமா என்று கேட்டேன்.